இருநூற்று ஒன்றாவது சிப்பம்

என் எழுத்துக்கு ஐரோப்பாவில் வாசகர்கள் உண்டு. இதைச் சொன்னால் நண்பர்கள் முதலில் சந்தேகத்தோடும் பிறகு இரக்கத்தோடும் பார்க்கிறார்கள். நான் பொய் சொல்லவில்லை. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு படைப்புகள் அனுப்புகிறேன். அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிலர் அவற்றை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள். புரியாவிட்டால் கேள்வி கேட்டு எழுதுகிறார்கள். தமிழில் நான் வெளியிட்ட இரண்டு கவிதைத் தொகுப்புகளுக்கும் சேர்த்து இப்படி ஒரு கேள்விகூட வந்ததில்லை. அவை என் கட்டிலுக்கு அடியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. வீடு பெருக்கும்போது மட்டும் என் மனைவி அவற்றைக் கையில் எடுக்கிறாள்.

தூத்துக்குடியில், கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு மாடி, மூன்று மேசை, ஒரு ஏசி. ஏசி ஓடுகிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சரக்குக்காரர் கண்டெய்னர் பெட்டியை நிரப்புவார். கப்பல் கம்பெனி அதைத் தூக்கிக்கொண்டு போகும். நடுவில், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுத்தில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது நான். ஆவண மேலாளர் என்று பதவியின் பெயர். மேலாள எனக்குக் கீழே ஒரே ஓர் உதவியாளர் இருக்கிறார். அவர் என்னை ஆள்கிறார்.

அவர் மணப்பாடு பக்கத்துக் கடற்கரைக் குடும்பத்துப் பெண். நாற்பது வயது இருக்கும். கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறார். அதனால் எந்தக் கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்பது அவருக்கு அலுவலக விஷயம் மட்டுமல்ல, வீட்டு விஷயமும். நான் எழுதிக் கொடுப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவது அவர் வேலை. என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லை அவர் இழுக்கிற நீளத்தை வைத்து நான் செய்த தவறின் அளவைக் கணக்கிட்டுவிடலாம்.

ஐரோப்பாவின் விதி எளிமையானது. கடல் வழியாக அங்கே போகிற எந்தப் பெட்டியாக இருந்தாலும், அது கப்பலில் ஏறுவதற்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்பே உள்ளே என்ன இருக்கிறது, விற்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று அவர்களுடைய சுங்கத்துக்குச் சொல்லிவிட வேண்டும். போய் இறங்கிய பிறகு சொல்கிற கதை இல்லை, ஏறும் முன்பே. இப்படி ஒரு தாள் முன்பும் உண்டுதான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பெருந்தன்மை இருந்தது. 'பொதுச் சரக்கு' என்று எழுதலாம். 'பலவகைப் பொருட்கள்' என்று எழுதலாம். 'பட்டியலில் கண்டபடி' என்று எழுதிவிட்டுப் பட்டியலில் 'மேற்கண்டபடி' என்று எழுதலாம். நான் அதில் கெட்டிக்காரன். எதையும் மங்கலாகச் சொல்வதில் எனக்கு இருபது வருடக் கவிதைப் பயிற்சி இருந்தது.

சமீப வருடங்களில் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிட்டார்கள். இப்போது பொருளைப் பச்சையாகச் சொல்ல வேண்டும். அதற்கான ஆறு இலக்க எண் போட வேண்டும். வாங்குகிறவருடைய ஐரோப்பியச் சுங்கப் பதிவு எண் வேண்டும். இரண்டு பக்கத்து முகவரியும் தெருவோடு வேண்டும். மங்கலான சொற்களுக்கென்றே ஒரு தடைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை எழுதினால் மனிதர் கண்ணில் படும் முன்பே கம்ப்யூட்டர் திருப்பி அடித்துவிடும். முதன்முதலாக அந்தப் பட்டியலைப் படித்தபோது என் இரண்டாம் தொகுப்புக்கு யாரோ விமர்சனம் எழுதியது போலிருந்தது.

"எங்க ஆளுவ முத்துக் குளிச்ச காலத்துல சிப்பிய மூடுன மேனிக்கே ஏலம் விட்டாவளாம்ணே," என்றார் அவர், அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டிக்கொண்டே. "உள்ள முத்து இருக்கா, வெறும் சதை இருக்கான்னு வித்தவனுக்கும் தெரியாது, வாங்குனவனுக்கும் தெரியாது. இவனுவளுக்கு மூடுன பெட்டிக்குள்ள என்னன்னு முன்னாலயே தெரியணுமாம்."

"நல்லதுதானளா. ஏமாத்த முடியாதுல்லா."

"நீங்க யார ஏமாத்தப் போறிய? உங்க கையெழுத்தே உங்களுக்குப் புரியல."

இந்தப் புது முறையில் நாங்கள் ஓரளவு கை பழகியிருந்த நேரத்தில்தான் அண்ணாச்சி வந்தார்.

சாத்தான்குளத்துப் பக்கம் அவருக்கு நிலமும், சரக்கு வைக்கிற ஒரு கிட்டங்கியும் உண்டு. அறுபத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. பேச்சில் பாதி ஊர்த் தமிழ், பாதி வேதாகமத் தமிழ். ஐம்பத்திரண்டு வயதான என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுகிறவர்கள் இந்த ஊரில் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்பதால் முதல் நாளே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவருடைய சரக்கு அவுரி இலை. நீலச் சாயம் எடுக்கிற அவுரி இல்லை; ஏற்றுமதித் தாள்களில் சென்னா என்பார்களே, அது. தண்ணீர் அதிகம் கேட்காத செடி. நம் தேரிக்காட்டுச் செம்மணல் ஓரத்து வெயிலைக் குடித்தே வளரும். இலையைப் பறித்து நிழலில் காயவைத்து அழுத்திச் சிப்பம் கட்டினால், ஐரோப்பாவில் அதைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுத் தேநீர் என்று விற்பார்கள். ராத்திரி குடித்தால் காலையில் வயிறு சுத்தமாகும். ஒரு கண்டத்தின் காலை நேர நிம்மதி சாத்தான்குளத்து வெயிலை நம்பியிருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்த பிறகு எனக்கு அந்தக் கண்டத்தின் மீது இருந்த பயம் கொஞ்சம் குறைந்தது.

முப்பது வருடமாக அண்ணாச்சி தன் இலையைத் தூத்துக்குடியில் உள்ள பெரிய வியாபாரிகளுக்குக் கொடுத்து வந்தார். அவர்கள் தங்கள் பேரில் அனுப்புவார்கள். அண்ணாச்சியின் இலை பல நாடு பார்த்திருக்கிறது; அண்ணாச்சியின் பெயர் திருச்செந்தூரைத் தாண்டியதில்லை. போன வருடம் ஜெர்மனியில் தேநீர்ப் பை கட்டுகிற ஒருவர் நேரிலேயே வந்து, இலை காய்கிற கிட்டங்கியில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, உங்கள் பேரிலேயே ஒரு பெட்டி அனுப்புங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. அவருடைய தொழிற்சாலையில் அடுத்த சுற்று வேலை தொடங்கும் முன் பெட்டி போய்ச் சேர்ந்தாக வேண்டும். தாமதமானால் பழைய வியாபாரிகளிடமே வாங்கிக்கொள்வார்.

தூத்துக்குடியிலிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பல், அதில் ஐரோப்பா. வியாழக்கிழமை சின்னக் கப்பலில் பெட்டி ஏறினால் கொழும்பில் அந்தப் பெரிய கப்பலைப் பிடித்துவிடலாம். விட்டால் அடுத்தது பத்து நாள் கழித்து. பத்து நாள் அண்ணாச்சியிடம் இல்லை.

"இந்தப் பெட்டி போய்ச் சேந்துட்டுன்னா என் பேர்ல போன இலை, தம்பி," என்றார். "இல்லன்னா நான் சாவுத மட்டும் ஊரான் பேர்ல போற இலை. அவ்வளவுதான் விசயம்."

அன்றைக்கு அவர் வெறுங்கையோடு வரவில்லை. மக்ரூன் கொண்டுவந்திருந்தார். தூத்துக்குடிக்காரன் ஒருவனுக்குத் தூத்துக்குடியிலேயே மக்ரூன் வாங்கிக் கொடுப்பது தேவையில்லாத காரியம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். நாங்கள் அப்படி நினைப்பதில்லை. முட்டையின் வெள்ளைக் கருவும் சீனியும் முந்திரியும் சேர்த்து, வாயில் வைத்ததும் இல்லாமல் போகிற பண்டம் அது. நான் மூன்று தின்றேன். நான்காவதை எடுத்துக்கொண்டே, ஒரு நிபுணனுக்குரிய தோரணையில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னேன்:

"அண்ணாச்சி, இத அங்கன ஒருத்தன் ஒரு வாட்டி தின்னான்னு வைங்க, ஆர்டர் தராம இருக்க மாட்டான்."

அவர் தலையை ஆட்டினார். அது பாராட்டுக்குத் தலையாட்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வேலை தொடங்கியது. முதலில் முகவரி.

"உங்க தெருப் பேரு சொல்லுங்க அண்ணாச்சி."

"சர்ச்சுக்குப் பின்னால."

"அது அடையாளம். தெருப் பேரு?"

"தபால்காரருக்குத் தெரியும் தம்பி."

"ஐரோப்பாச் சுங்கத்துக்குத் தெரியாதே."

அண்ணாச்சி அங்கிருந்தே பேத்திக்குப் போன் போட்டார். பேத்தி ஆதார் அட்டையைப் பார்த்து ஒரு தெருப் பெயரைப் படித்தாள். "அப்படியா? நம்ம தெருவுக்குப் பேரு இருக்கா?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. அறுபத்தைந்து வருடம் குடியிருந்த தெருவின் பெயரை ஐரோப்பா கேட்டு அவர் தெரிந்துகொண்டார்.

அடுத்தது சரக்கின் பெயர். பழக்க தோஷத்தில் 'மூலிகை' என்று எழுதினேன். கம்ப்யூட்டர் உடனே திருப்பி அடித்தது. 'உலர்ந்த மூலிகை இலை' என்றேன். "என்ன இலைண்ணே?" என்று கேட்டார் உதவியாளர், சுவரில் இருந்த பட்டியலைப் பார்க்காமலேயே. கடைசியில் இப்படி நின்றது: சென்னா இலை, உலர்ந்தது, முழு இலை, பொடிக்காதது, தேநீர்ப் பைக்காக, இருநூறு சிப்பம். ஒரு உவமை இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. படித்துப் பார்த்தேன். நான் எழுதியதிலேயே மிகத் தெளிவான வாக்கியம் அதுதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முடிக்கும் முன் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"வேற சரக்கு எதுவும் இல்லையே?"

"வேற சரக்கா? ஒண்ணும் இல்ல," என்றார் அண்ணாச்சி. ஆண்டவர் அறிய உண்மையைத்தான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சியின் கிட்டங்கியில் பெட்டியை நிரப்பி, பூட்டி, முத்திரை வைத்து, ஊருக்கு வெளியே உள்ள கண்டெய்னர் யார்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். முத்திரை எண் வந்ததும் அன்று மாலையே அறிவிப்பை அனுப்பினோம். கப்பல் கம்பெனி கொடுத்த கெடு புதன்கிழமை மாலை நான்கு மணி. அதற்குள் எல்லாத் தகவலும் சரியாகப் போய்விட வேண்டும்; அதன் பிறகு இருபத்துநான்கு மணி நேரத்தில் 'ஏற்றாதே' என்று அங்கிருந்து செய்தி வராவிட்டால் ஏற்றலாம். பாராட்டு என்று தனியாக எதுவும் அனுப்ப மாட்டார்கள். மௌனம்தான் பாராட்டு. இதுவும் தமிழ் இலக்கிய உலகத்தில் எனக்குப் பழகிப்போன விஷயம். அங்கே அது பாராட்டு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

புதன்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் உதவியாளர் சொன்னார்:

"அண்ணே, உங்களுக்கு ஒரு வாசகர் கடிதம்."

ஐரோப்பியச் சுங்கத்திலிருந்து கேள்வி வந்திருந்தது. இந்த இலை எதற்குப் பயன்படும், எப்படிச் சிப்பம் கட்டியிருக்கிறது, விவரம் தரவும். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்தச் செடியின் வரலாற்றிலிருந்து தொடங்கினேன். வறண்ட நிலத்தின் பொறுமை, உடலின் ஒழுங்கு, இயற்கையோடு இயைந்த வாழ்வு. அரைப் பக்கம் ஆனதும் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னண்ணே இது, கலியாணப் பத்திரிகையா?"

"பயன் கேட்டிருக்கான். சொல்லுதேன்."

"மலச்சிக்கலுக்குன்னு போடுங்கண்ணே. ஒரு வார்த்தை."

போட்டேன். அரைப் பக்கத்தை அழித்தேன். அடுத்து, சிப்பம் எப்படிக் கட்டியிருக்கிறது என்று எழுத வேண்டும். அதற்காக, கிட்டங்கியில் பெட்டி நிரப்பியபோது எழுதிய எண்ணிக்கைச் சீட்டை உதவியாளர் எடுத்தார். சுமை ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு சிப்பத்துக்கும் ஒரு கோடு போட்டு, ஐந்து ஐந்தாகக் கட்டி, கடைசியில் கூட்டி எழுதிய சீட்டு. அவர் அதைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே... இருநூத்தி ஒண்ணுன்னு போட்டிருக்கு."

"கை தவறியிருக்கும்ளா."

"இவிய கோடு போட்டு எண்ணுத ஆளுவ. கை தவறாது. நீங்க எழுதுனது இருநூறு."

"ஒரு சிப்பம் கூடக் குறைய..."

"அண்ணேஏஏ."

அந்த நீளத்துக்கு நான் பழகியவன். போனை எடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, பெட்டிக்குள்ள எத்தன சிப்பம்?"

"இருநூறு தம்பி."

"சீட்டுல இருநூத்தி ஒண்ணு இருக்கே."

"ஆமா. இருநூறு இலை. ஒண்ணு அந்த ஜெர்மன்காரருக்கு."

"அந்த ஒண்ணு என்ன அண்ணாச்சி?"

"மக்ரூன். ஆறு டின்னு. அப்புறம் எங்க சபை வசன காலண்டர் ஒண்ணு." அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "நீங்கதானே தம்பி சொன்னிய, ஒருவாட்டி தின்னா ஆர்டர் தராம இருக்க மாட்டான்னு. முதல்ல போற பெட்டிய வெறுங்கையா அனுப்பக் கூடாதுல்லா."

"நான் வேற சரக்கு இருக்கான்னு கேட்டேனே அண்ணாச்சி!"

அவர் மிகுந்த குழப்பத்தோடு கேட்டார்:

"மக்ரூன் சரக்கா தம்பி?"

இந்தக் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் அது சரக்கு இல்லை என்றுதான் சொல்வார்கள். விற்பது சரக்கு. கொடுப்பது மரியாதை. மரியாதையை யாராவது பட்டியலில் எழுதுவார்களா? நானும் இதே ஊர்க்காரன்தான். என் அக்காவுக்குச் சென்னைக்குப் பார்சல் அனுப்பினாலும் மூலையில் ஒரு டின் மக்ரூன் செருகாமல் அட்டைப் பெட்டியை ஒட்டியதில்லை. கூரியர்க் கடைக்காரர் என்ன இருக்கிறது என்று கேட்டால் 'துணி' என்றுதான் சொல்வேன்.

போனை வைத்துவிட்டு உதவியாளரிடம் நடந்ததைச் சொன்னேன். என் பங்கைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். ஆனால் மக்ரூன் பற்றி நான் அன்று பேசியபோது அவரும் பக்கத்து மேசையில்தான் இருந்தார்.

"அப்ப ஆலோசனை குடுத்தது நீங்க," என்றார்.

"சரி, இருநூத்தி ஒண்ணுன்னு திருத்திருவோம். 'இனிப்புப் பண்டம்'னு சேத்துருவோம்."

"முட்டை இருக்குண்ணே அதுல. முட்டை சேந்த தின்பண்டம்னா அதுக்குத் தனிக் காகிதம், சுகாதாரச் சான்று. இன்னைக்கு நாலு மணிக்குள்ள அத யாரு தருவா?"

அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நினைவுக் குறிப்பு என்று எழுத உட்கார்ந்த பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது. "பேசாம விட்டுட்டா என்ன? ஆறு டின்னு. யார் பாக்கப் போறா?" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அங்கன ஸ்கேன்ல போடுவான். சிப்பத்துக்கு நடுவுல தகர டின்னு தெரியும். சொல்லாத சரக்குன்னு பெட்டிய நிறுத்துவான். யார் பேர்ல நிறுத்துவான்? முப்பது வருசம் கழிச்சு மொத மொதல்ல அந்த மனுசன் பேரு போகுது. அதுல இந்தக் கறையோடவா போகணும்?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்தே கால்.

முத்திரை வைத்த பெட்டியை நாமாகத் திறக்க முடியாது. சுங்கத்தில் எழுதிக் கொடுத்து, அதிகாரி முன்னிலையில் உடைத்து, புது முத்திரை வைக்க வேண்டும். கடிதத்தை நான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் கவித்துவமாக எதுவும் வரவில்லை: 'ஏற்றுமதியாளர் நல்லெண்ணத்தில் வைத்த தின்பண்டப் பொதி ஒன்றை நீக்க வேண்டும்.' சுங்க அலுவலகத்தில் அதைப் படித்தவர் இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மதியம் இரண்டு மணிக்கு அதிகாரி ஒருவர் யார்டுக்கு வந்தார். நான் போயிருந்தேன். அண்ணாச்சி சாத்தான்குளத்திலிருந்து காரில் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தப் பொதி எங்கே இருக்கிறதோ? உள்ளே ஆழத்தில் என்றால் இருநூறு சிப்பத்தையும் இறக்கி ஏற்ற வேண்டும். நான்கு மணி என்பது கனவு.

"எங்கன வச்சிருக்கிய அண்ணாச்சி?"

"வாசல்லதான் தம்பி. கதவத் திறந்ததும் அவர் கண்ணுல படணும்லா."

அவருடைய மரியாதைதான் எங்களை மாட்டிவிட்டது. அந்த மரியாதையே காப்பாற்றியும் விட்டது. முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்ததும், காய்ந்த இலையின் சூடான வாசனையோடு, சாக்கில் தைத்த சின்னப் பொதி முன்னால் இருந்தது. மேலே சிவப்பு மசியில் ஜெர்மன்காரரின் பெயரும், கீழே சின்ன எழுத்தில் 'அன்புடன்' என்றும் எழுதியிருந்தது.

அதிகாரி பொதியைப் பிரிக்கச் சொன்னார். ஆறு டின்களையும் வரிசையாக வைத்தோம். காலண்டரை விரித்துப் பார்த்து, அன்றைய தேதிக்கு உள்ள வசனத்தைப் படித்துவிட்டுச் சுருட்டினார். ஒரு டின்னைத் திறந்து, குனிந்து, வெகு நேரம் பார்த்தார்.

"எந்தக் கடை?" என்று கேட்டார்.

அண்ணாச்சி கடையைச் சொன்னார். அதிகாரி மெச்சுகிற பாவனையில் தலையாட்டினார்.

"சார், ஒண்ணு எடுத்துக்கிடுங்க," என்றார் அண்ணாச்சி, கை தன்னிச்சையாக நீள.

"எனக்குச் சுகர்," என்றார் அதிகாரி. ஒரு மனிதன் இவ்வளவு துக்கத்தோடு கடமையைச் செய்து நான் பார்த்ததில்லை. மூடியை அவரே அழுத்தி மூடினார். மிச்சம் இருப்பது இருநூறுதான் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். புது முத்திரை விழுந்தது. எண்ணைப் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

"கெடச்சிட்டு," என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "மூணே முக்கால். முத்திரை எண் திருத்தியாச்சு. வாசகர் கடிதத்துக்கும் பதில் போயாச்சு. மூச்சு விடுங்க."

அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் யார்டிலேயே ஒரு சிப்பம் தூக்குகிற வண்டியின் மீது உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்கிறார் என்று நானும் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணைத் திறந்து, "சர்க்கரை கொஞ்சம் கம்மி போட்டுச் செய்யச் சொன்னா அந்த அதிகாரி தின்பாரோ?" என்றார்.

வியாழக்கிழமை முழுவதும் நாங்கள் அந்த மௌனத்துக்காகக் காத்திருந்தோம். அண்ணாச்சி காலை ஒன்பது மணிக்கே வந்து எங்கள் மூன்றாவது மேசையில் உட்கார்ந்துவிட்டார். அது முதலாளியின் மேசை. முதலாளி மாதத்துக்கு இரண்டு நாள்தான் வருவார் என்பதால் ஆட்சேபம் இல்லை. ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டர் சத்தம் போட்டபோதும் அவர் எழுந்தார். அது ஒரு தடவை மின்கட்டண நினைவூட்டல், ஒரு தடவை என் சகோதரி மகனின் கல்யாணப் புகைப்படங்கள். பதினோரு மணிக்கு அவர் என் அலமாரியில் இருந்த கவிதைத் தொகுப்பை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நான் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு பக்கம் படித்தார். "நல்லா இருக்கு," என்று சொல்லி, திரும்ப வைத்து, "எதப் பத்தி தம்பி?" என்று கேட்டார்.

நான்கு மணி ஆயிற்று. எதுவும் வரவில்லை. நான்கு ஐந்து. எதுவும் வரவில்லை. உதவியாளர் துறைமுகத்துக்குப் போன் போட்டுப் பேசினார். போனை வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"ஏத்த வரிசையில வந்துட்டாம். கிரேன் எடுத்துட்டாம்."

அண்ணாச்சி எழுந்து நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார். பிறகு தன் பைக்குள் கைவிட்டு ஒரு டின்னை எடுத்து மேசை மேல் வைத்தார். அந்த ஆறில் ஒன்று. அதைப் பார்த்ததும் என் கை தானாக எண்ணிக்கைச் சீட்டைத் தேடியது. பிறகு ஞாபகம் வந்தது, அது இப்போது யாருக்கும் அறிவிக்க வேண்டாத மக்ரூன்.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் கடற்கரைப் பூங்காவுக்குப் போனோம். சின்னக் கப்பல் கிளம்பியதைப் பார்த்தோம் என்று சொல்ல ஆசைதான். தூரத்தில் துறைமுகத்திலிருந்து ஏதோ ஒரு கப்பல் வெளியே போனது; அதுதானா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. "அதுதான்," என்று உதவியாளர் உறுதியாகச் சொன்னார். "என் வீட்டுக்காரர் கப்பல்னா முதுகப் பாத்தே சொல்லுவேன். இதுவும் அப்படித்தான்." அண்ணாச்சி நம்பினார். நானும் நம்பினேன். இரண்டாவது டின்னும் தீர்ந்தது.

ஜெர்மன்காரருக்கு அண்ணாச்சி சார்பில் நான் ஒரு கடிதம் எழுதினேன். பெட்டி கிளம்பிவிட்டது, உங்களுக்காக வைத்த தின்பண்டம் உங்கள் ஊர்ச் சட்டத்தை மதித்து இங்கேயே நின்றுவிட்டது, அடுத்த முறை நேரில் வந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். ஒரு மங்கலான சொல்லும் இல்லை. பெட்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பதில் எழுதினார்: இலை நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு பெட்டி வேண்டும், தின்பண்டத்துக்காக வருகிறேன். அண்ணாச்சி அந்தக் கடிதத்தைத் தாளில் எடுத்து இரண்டு பேனாவுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் கேள்வியை மாற்றிவிட்டேன். 'வேறு சரக்கு இருக்கிறதா' என்று நான் யாரையும் கேட்பதில்லை. "உள்ளே யாருக்காவது ஏதாவது கொடுத்து அனுப்பியிருக்கியளா?" என்று கேட்கிறேன். இந்த ஊர் மனிதர்களின் அன்பு எவ்வளவு கனமானது என்பது அப்போதுதான் தெரிந்தது. பனைநார் அனுப்புகிறவர் கருப்பட்டியைச் சொன்னார். வலைக்காரர் நெத்திலிக் கருவாட்டைச் சொன்னார். கிரானைட் கல் அனுப்புகிற, சிரிக்கவே சிரிக்காத ஒரு மனிதர் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "மாங்கா ஊறுகாய்," என்றார்.

இரண்டாம் பெட்டிக்கான பட்டியலை அண்ணாச்சியே தன் கைப்பட எழுதிக்கொண்டு வந்தார். சென்னா இலை, உலர்ந்தது, முழு இலை, பொடிக்காதது, இருநூறு சிப்பம். அதற்குக் கீழே, கோடு போட்டுத் தனியாக, கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'மக்ரூன் – இல்லை.'

நான் அதை அப்படியே விட்டுவிடலாம் என்றேன். ஒரு எழுத்தாளனாக எனக்கு அதில் குறை சொல்ல எதுவும் தெரியவில்லை. சுருக்கமாக இருந்தது, உண்மையாக இருந்தது, கொஞ்சம் வலியும் இருந்தது.

உதவியாளர் அந்த வரியை அழித்துவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

"மக்ரூன்னா என்னன்னு கேட்டு ஒரு கடிதம் வரும்ணே," என்றார். "அதுக்கு நீங்க பதில் எழுத உக்காந்திய, கப்பல் போயிரும்."